பைத்தான் இணையச் செயலிகளில் வெப்சாக்கெட்: உடனடிச் செய்தி சென்று சேரும் விதம்

வெப்சாக்கெட் என்பது இணைய உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே ஓர் இணைப்பைத் திறந்தபடியே வைத்து, இரு பக்கமும் நினைத்த நேரத்தில் செய்தி அனுப்ப உதவும் நெறிமுறை ஆகும். சர்வர் என்று நாம் பேச்சில் சொல்வதே இங்கு வழங்கி எனப்படுகிறது. அரட்டைச் செயலிகள், கிரிக்கெட் ஓட்ட விவரம், பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் வரைபடம், அவசர அறிவிப்புகள் ஆகியவற்றில் இந்த நெறிமுறை பயன்படுகிறது. பைத்தான் மொழியில் எழுதிய இணையச் செயலி ஒன்றில் இதை எப்படிச் சேர்ப்பது, சேர்த்த பிறகு எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பைத்தான் அடிப்படை தெரிந்த கல்லூரி மாணவர்களும் மேல்நிலைப் பள்ளிக் கணினி அறிவியல் மாணவர்களும் இதைப் பின்தொடரலாம்.

ஏன் இது தெரிய வேண்டும்?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலோரத்தை ஒட்டி வலுப்பெற்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடல் மீன்பிடிப்புக்குச் சென்ற பல படகுகள் அதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டிருந்தன. கைப்பேசி அலைவரிசை எட்டாத தொலைவில் அவை இருந்தன. கரையில் இருந்த செய்தியை அவற்றுக்குக் கொண்டு சேர்க்கப் போதிய வழி இல்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தும் காணாமலும் போயினர்.

அதன் பின் 2019 அக்டோபரில் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் ‘ஜெமினி’ என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை அது பெற்று, படகில் இருக்கும் கைப்பேசிக்குத் தரும். ஆனால் அது ஒருவழிக் கருவி. கரை பேசும், கடல் கேட்கும். “கேட்டது” என்று கடலிலிருந்து பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்துவதற்காக நடுவண் அரசு தொடங்கிய டிரான்ஸ்பாண்டர் திட்டம் இருவழிச் செய்திக்கு இடம் தருகிறது.

செய்தியை அனுப்புவது ஒரு வேலை. அது சேர்ந்ததா என்று அறிவது வேறொரு வேலை. ஒருவழிக் கருவியிலிருந்து இருவழிக் கருவிக்கு நகர்ந்த இந்த வரலாறு அதைக் காட்டுகிறது. இணையச் செயலி எழுதுபவரும் இதே பாடத்தைக் கற்க வேண்டும். வெப்சாக்கெட் ஆழ்கடலுக்கான கருவி அன்று. இணையம் கிடைக்கும் கரையில்தான் அது வேலை செய்யும். ஆனால் அது எழுப்பும் கேள்வி மேலே கண்ட அதே கேள்விதான்.

கேட்டுக்கொண்டே இருப்பதும் சொல்லி அனுப்புவதும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாஞ்சில் நாட்டில் விடிய விடிய மழை பெய்தால், காலையில் ஆசிரியரின் கைப்பேசி ஓயாது. “சார், இன்னைக்கு ஸ்கூல் உண்டா?” என்று ஒவ்வொரு மாணவரும் கேட்பார். விடுமுறை அறிவிப்பு இன்னும் வரவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பார். சாதாரண இணையம் இயங்குவது இப்படித்தான். எச்டிடிபி நெறிமுறையில் உலாவி கேட்டால்தான் வழங்கி பதில் சொல்லும். தன்னிடம் புதுச் செய்தி இருந்தாலும், கேட்காதவரிடம் அது வாய் திறக்காது.

இந்தத் தடையைத் தாண்ட முதலில் கையாண்ட வழி, உலாவியைச் சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்க வைப்பது. இதை விட்டுவிட்டுக் கேட்டல் எனலாம். நிரலாளர்கள் போலிங் என்பார்கள். இதன் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 500 கைப்பேசிகள் 5 நொடிக்கு ஒருமுறை கேட்டால் நொடிக்கு 100 கோரிக்கைகள் வரும். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். எனவே நாளொன்றுக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் கோரிக்கைகள். கேள்வியும் பதிலும் சேர்ந்து 500 பைட் என்று வைத்துக்கொண்டால்கூட 4.3 ஜிகாபைட் தரவு வீணாகும். அந்த நாளில் ஒரே ஓர் அறிவிப்பு வந்திருந்தாலும் செலவு இதுதான். செய்தியும் சராசரியாக இரண்டரை நொடி தாமதமாகவே சேரும்.

அடுத்து வந்தது நீள் கேட்டல். உலாவி கேட்டதும் வழங்கி உடனே பதில் சொல்லாமல், புதுச் செய்தி வரும்வரை அந்தக் கேள்வியைப் பிடித்து வைத்திருக்கும். பதில் போனதும் உலாவி மறுபடி ஒரு கேள்வியை அனுப்பி வைக்கும். மூன்றாவது வழி, வழங்கியிலிருந்து உலாவிக்கு மட்டும் செய்தி ஓடும் ஒருவழி ஓடை. இது சர்வர் சென்ட் ஈவன்ட்ஸ் எனப்படுகிறது.

வெப்சாக்கெட் இவற்றிலிருந்து வேறுபடுகிறது. ஒருமுறை திறந்த இணைப்பில் இரு பக்கமும் சம உரிமையோடு பேசலாம். இந்தப் பெயர் 2008இல் வழக்குக்கு வந்தது. கூகுள் குரோம் 4 இதை முழுமையாக ஏற்ற முதல் உலாவி ஆகும். 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற ஆவணமாக இது தரநிலை பெற்றது.

இணைப்பு எப்படித் திறக்கிறது?

வெப்சாக்கெட் இணைப்பு சாதாரண எச்டிடிபி கோரிக்கையாகவே தொடங்குகிறது. அந்தக் கோரிக்கையின் தலைப்பகுதியில் “இந்த இணைப்பை வெப்சாக்கெட்டாக மாற்றலாமா?” என்ற பொருள்படும் வரிகள் இருக்கும். கூடவே உலாவி தற்செயலாக உருவாக்கிய 16 பைட் அளவுள்ள ஒரு திறவு எண்ணும் இருக்கும். வழங்கி அந்தத் திறவோடு தரநிலையில் குறித்துள்ள ஒரு நிலையான சரத்தைச் சேர்த்து, ஷா-1 முறையில் சுருக்கி, விடையைத் திருப்பி அனுப்பும். விடை சரியாக இருந்தால், எதிரில் இருப்பது வெப்சாக்கெட் அறிந்த வழங்கிதான் என்று உலாவி உறுதி செய்துகொள்ளும். இதற்குக் கைகுலுக்கல் என்று பெயர். வழங்கியின் பதிலில் 101 என்ற நிலைக் குறியீடு இருக்கும். அதன் பொருள் “நெறிமுறை மாற்றப்படுகிறது” என்பதாகும்.

இதன் பிறகு கேள்வி பதில் என்ற முறை இல்லை. செய்திகள் சட்டகங்களாகச் செல்கின்றன. வழங்கி அனுப்பும் செய்தி 125 பைட்டுக்குள் இருந்தால் சட்டகத்தின் தலைப்பு வெறும் 2 பைட் மட்டுமே. உலாவி அனுப்பும் செய்தியில் மறைப்புக்காக மேலும் 4 பைட் சேரும்.

தமிழில் செய்தி அனுப்புவோர் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். ‘கு’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ககரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. “கடலுக்குச் செல்ல வேண்டாம்” என்ற செய்தியில் 23 தமிழ்க் குறிகளும் 2 இடைவெளிகளும் உள்ளன. ஆக 71 பைட். தலைப்பையும் சேர்த்தால் 73 பைட். மேலே கண்ட 4.3 ஜிகாபைட்டுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 500 பேருக்கு அனுப்பினாலும் 36,500 பைட்தான் ஆகும்.

பைத்தானில் உள்ள தனிச் சிக்கல்

பைத்தான் இணையச் செயலிகள் நெடுங்காலம் டபிள்யூஎஸ்ஜிஐ என்ற இடைமுகத்தை நம்பி இருந்தன. 2003இல் வகுக்கப்பட்ட அந்த முறையில் ஒரு கோரிக்கை வரும், ஒரு பணியாளர் அதைக் கவனிப்பார், பதில் போகும், பணி முடியும். இங்கே பணியாளர் என்பது வழங்கியில் ஓடும் ஒரு செயல்முறை அல்லது இழை. வெப்சாக்கெட் இணைப்போ மணிக்கணக்கில் திறந்திருக்கும். இணைப்புக்கு ஒரு பணியாளர் என்று ஒதுக்கினால் 500 பேருக்கு 500 பணியாளர் வேண்டும். சிறு வழங்கி இதைத் தாங்காது.

இதற்கு விடை ஒத்திசைவற்ற நிரலாக்கம். இதைப் புரிந்துகொள்ள ஓராசிரியர் பள்ளியை நினைத்துக்கொள்ளலாம். ஓர் அறையில் ஐந்து வகுப்புகள், ஒரே ஆசிரியர். மூன்றாம் வகுப்புக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அவர்கள் போட்டு முடிக்கும்வரை காத்து நிற்காமல் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போவார். யார் முடித்துக் கை தூக்குகிறாரோ அவரிடம் திரும்புவார். பைத்தானின் நிகழ்வுச் சுழற்சி இந்த ஆசிரியரைப் போன்றது. ஏசிங்க்ஐஓ என்ற நூலகமாக 2014இல் பைத்தான் 3.4 பதிப்பில் இது வந்தது. ஏசிங்க், அவெய்ட் என்ற சொற்கள் 2015இல் 3.5 பதிப்பில் மொழியிலேயே சேர்ந்தன. அவெய்ட் என்று எழுதும் இடம்தான் “நீ கணக்கைப் போடு, நான் அடுத்த வகுப்பைப் பார்க்கிறேன்” என்று ஆசிரியர் சொல்லும் இடம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்த ஆசிரியர் ஒரு வகுப்பில் உட்கார்ந்து கண்ணயர்ந்தால் ஐந்து வகுப்பும் நின்றுவிடும். ஏசிங்க் செயற்கூறு ஒன்றுக்குள் டைம் நூலகத்தின் ஸ்லீப் கட்டளையையோ, நீண்ட நேரம் ஓடும் தரவுத்தள வினவலையோ நேரடியாக எழுதினால் இதுவே நடக்கும். இணைப்பில் உள்ள அனைவருக்கும் செய்தி நிற்கும். ஏசிங்க்ஐஓ தரும் ஸ்லீப்பைப் பயன்படுத்துவதும், கனமான வேலைகளைத் தனி இழைக்கு அனுப்புவதும் இதற்கு மருந்து.

எந்த நூலகத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஜாங்கோவில் செயலி ஏற்கெனவே இருந்தால் ஜாங்கோ சேனல்ஸ் பொருத்தமானது. ஏஎஸ்ஜிஐ என்ற ஒத்திசைவற்ற இடைமுகம் இந்தத் திட்டத்திலிருந்தே வளர்ந்தது. 2019 டிசம்பரில் வந்த ஜாங்கோ 3.0 ஏஎஸ்ஜிஐயை ஏற்றுக்கொண்டது. ஆயினும் வெப்சாக்கெட்டுக்குச் சேனல்ஸைத் தனியே நிறுவ வேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு ஃபாஸ்ட்ஏபிஐ எளிது. அதை யுவிகார்ன் வழங்கியில் ஓட்டலாம். யுவிகார்னை அதன் அடிப்படை வடிவில் மட்டும் நிறுவினால் வெப்சாக்கெட் நூலகம் கூடவே வராது. இணைப்பு ஏற்கப்படவில்லை என்று மாணவர்கள் தவிப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம். ஃபிளாஸ்க் பயன்படுத்துவோருக்கு ஃபிளாஸ்க்-சாக்கெட்ஐஓ உண்டு. ஆனால் சாக்கெட்ஐஓ என்பது வெப்சாக்கெட்டின் மேல் கட்டிய தனி நெறிமுறை. அதனால் உலாவிப் பக்கத்திலும் அதற்குரிய நூலகமே வேண்டும். நெறிமுறையை அடியிலிருந்து கற்க விரும்புவோர் வெப்சாக்கெட்ஸ் என்ற பெயரிலேயே உள்ள சிறு நூலகத்தில் தொடங்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: கடற்கரை ஊரின் அறிவிப்புப் பலகை

ஒரு கடற்கரை ஊரில் வீடுகளின் கைப்பேசிகளில் திறந்திருக்கும் இணையப் பக்கம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பொறுப்பாளர் ஒருவர் எச்சரிக்கையைப் பதிந்தவுடன் எல்லாக் கைப்பேசிகளிலும் அது தோன்ற வேண்டும். எந்த நூலகத்தில் எழுதினாலும் வழங்கி நிரலின் அமைப்பு இதுதான்:

1. இணைப்பில் உள்ளோரை வைக்க ஒரு வெற்றுத் தொகுப்பை உருவாக்கு.
2. புதிய இணைப்பு வந்தால், வந்தவர் யார் என்று சரிபார்த்து ஏற்றுக்கொள், தொகுப்பில் சேர்.
3. அந்த இணைப்பிலிருந்து செய்தி வருகிறதா என்று சுழற்சியில் காத்திரு.
4. எச்சரிக்கை பதியப்பட்டால், முதலில் வரிசை எண் இட்டுத் தரவுத்தளத்தில் சேமி.
5. பிறகு தொகுப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொருவருக்கும் அனுப்பு.
6. இணைப்பு எந்தக் காரணத்தால் முடிந்தாலும் அவரைத் தொகுப்பிலிருந்து நீக்கு.

ஐந்தாம் படியில் நகல் எதற்கு? அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் விலகினால் தொகுப்பின் அளவு மாறும். சுழற்சி நடக்கும்போது தொகுப்பு மாறினால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். மீதிப் பேருக்குச் செய்தி போகாது. ஆறாம் படியை ‘ஃபைனலி’ பகுதியில் எழுத வேண்டும். அப்போதுதான் பிழையால் முறிந்த இணைப்பும் நீங்கும். ஒருவருடைய வலை மெதுவாக இருந்தால் வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர்களும் காத்திருக்க நேரும். எனவே ஒவ்வொரு அனுப்புதலுக்கும் கால வரம்பு வைப்பது நல்லது.

அனுப்பியது சேர்ந்ததா?

செயலி வகுப்பறையில் அழகாக ஓடும். ஊருக்குள் கொண்டுபோனால்தான் சோதனை தொடங்கும். கைப்பேசி வைத்திருப்பவர் அலைவரிசை இல்லாத இடத்துக்குப் போய்விட்டார் என்று கொள்வோம். அவருடைய கைப்பேசி “நான் போகிறேன்” என்று விடைபெற்றுச் செல்வதில்லை. வழங்கியின் பார்வையில் இணைப்பு இன்னும் திறந்தே இருக்கிறது. இப்போது செய்தி அனுப்பினால் நிரலில் பிழை எதுவும் வராது. ஏனெனில் ‘செண்ட்’ என்ற கட்டளை இயக்கமுறைமையின் தற்காலிக நினைவகத்தில் செய்தியை ஒப்படைப்பதோடு முடிந்துவிடுகிறது. பதிவேட்டில் “500 பேருக்கு அனுப்பப்பட்டது” என்று இருக்கும். எத்தனை பேரிடம் சேர்ந்தது என்பது வேறு கணக்கு. உயிர் காக்கும் செய்தியில் இந்த வேறுபாட்டை மறந்தால் விளைவு பெரிது.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும்.

முதலாவது, நாடித்துடிப்பு. வெப்சாக்கெட் நெறிமுறையில் பிங், பாங் என்ற இரு சிறு சட்டகங்கள் உள்ளன. வழங்கி பிங் அனுப்பினால் உலாவி தானாகவே பாங் என்று பதில் தரும். வெப்சாக்கெட்ஸ் நூலகம் இயல்பாக 20 நொடிக்கு ஒரு பிங் அனுப்பி, அடுத்த 20 நொடிக்குள் பதில் வராவிட்டால் இணைப்பை மூடிவிடும். ஆக, செத்த இணைப்பு ஏறக்குறைய 40 நொடிக்குள் தெரிந்துவிடும்.

இரண்டாவது, விட்ட இடத்திலிருந்து தொடர்தல். உலாவியின் வெப்சாக்கெட் வசதி, இணைப்பு அறுந்தால் தானாக மீண்டும் இணைக்காது. அந்த நிரலை நாமே எழுத வேண்டும். மீண்டும் இணையும்போது கைப்பேசி “நான் கடைசியாகப் பெற்றது 41ஆம் எண் செய்தி” என்று சொன்னால், வழங்கி 42 முதல் உள்ளவற்றைத் தரும். நான்காம் படியில் அனுப்புவதற்கு முன்பே சேமிக்கச் சொன்னது இதற்காகத்தான். ஊரில் மின்சாரம் வந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் மறுபடியும் மின்சாரம் போவதைப் பார்த்திருப்போம். 500 கைப்பேசிகளும் ஒரே நொடியில் மீண்டும் இணைய முயன்றால் வழங்கிக்கும் அதே கதிதான். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை 1, 2, 4, 8 நொடி என்று கூட்டி, அதில் சிறிது தற்செயல் நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்புகை. முன்பு பதிவுத் தபாலில் பெறுநரின் கையெழுத்திட்ட அட்டை திரும்பி வந்தது போல, ஒவ்வொரு செய்திக்கும் பெற்றவரிடமிருந்து பதில் வர வேண்டும். இதிலும் இரண்டு நிலைகள் உள்ளன. கைப்பேசி செய்தியைப் பெற்றது என்பது ஒன்று. மனிதர் அதைப் படித்தார் என்பது மற்றொன்று. முதலாவதை நிரல் தானாக அனுப்பலாம். இரண்டாவதற்குத் திரையில் “பார்த்தேன்” என்ற பொத்தானை அவர் தொட வேண்டும். பாங் சட்டகம் இவ்விரண்டில் எதற்கும் ஈடாகாது. இணைப்பு உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும்.

ஒப்புகை வந்தவர்களின் பட்டியலைவிட வராதவர்களின் பட்டியலே பயனுள்ளது. பத்து நிமிடத்தில் பொத்தானைத் தொடாதவர்களின் பெயர்கள் பொறுப்பாளரின் திரையில் சிவப்பாகத் தெரிந்தால், அந்த வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம்; ஆள் அனுப்பலாம். நிரல் முடியும் இடத்தில் மனிதர் தொடங்க வேண்டும் என்பதைக் காட்டுவதே அந்தப் பட்டியலின் வேலை.

பயனர் பெருகும்போது

ஒரே செயல்முறையில் ஓடும்போது தொகுப்பு ஒன்றுதான். வழங்கியில் நான்கு செயல்முறைகளை ஓட்டினால் தொகுப்புகளும் நான்காகிவிடும். எச்சரிக்கை எந்தச் செயல்முறைக்கு வந்ததோ அதோடு இணைந்தவர்களுக்கு மட்டும் செய்தி போகும்; மற்றவர்களுக்குப் போகாது. “சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை” என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே. செயல்முறைகளுக்கு நடுவே ரெடிஸ் போன்ற பொதுத் தூதரை வைத்து, எச்சரிக்கையை அதன் வழியே எல்லாச் செயல்முறைகளுக்கும் பரப்ப வேண்டும். ஜாங்கோ சேனல்ஸில் இதற்குச் சேனல் அடுக்கு என்ற ஏற்பாடு உள்ளது.

முன்னால் எஞ்சின்எக்ஸ் பதிலி இருந்தால் மேலும் இரண்டு கவனங்கள் வேண்டும். கைகுலுக்கலுக்குரிய தலைப்பு வரிகளை அது உள்ளே கடத்தும்படி அமைக்க வேண்டும். உள்ளிருந்து 60 நொடி எதுவும் வராவிட்டால் இணைப்பை வெட்டிவிடுவது அதன் இயல்பு. 20 நொடி நாடித்துடிப்பு இதையும் தடுக்கிறது.

பாதுகாப்பு

பொய் எச்சரிக்கை ஒன்று பரவினால் ஒரு நாள் பிழைப்பு போகும். அதைவிட, அடுத்த உண்மை எச்சரிக்கையை யாரும் நம்பமாட்டார்கள். எனவே எச்சரிக்கை பதியும் உரிமை அடையாளம் சரிபார்த்த பொறுப்பாளருக்கு மட்டுமே இருக்க வேண்டும். இணைப்பு மறையாக்கம் உள்ள டபிள்யூஎஸ்எஸ் முகவரியில்தான் திறக்கப்பட வேண்டும். மேலும், ஒரு தளத்தின் நிரல் வேறொரு தளத்தின் தரவைப் படிக்காமல் உலாவி போடும் வழக்கமான தடை வெப்சாக்கெட்டுக்குப் பொருந்தாது. கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லும் ‘ஆரிஜின்’ தலைப்பை வழங்கியே சரிபார்க்க வேண்டும்.

எங்கே தேவையில்லை?

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தைக் காட்டும் பக்கம் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அந்த எண் மெல்லவே மாறும். அதற்கு வெப்சாக்கெட் வேண்டாம். பக்கத்தைத் திறக்கும்போது புதிய எண் வந்தால் போதும். செய்தி ஒரே திசையில் மட்டும் ஓடுவதாக இருந்தால் ஒருவழி ஓடை எளிது. ஒப்புகையைச் சாதாரண எச்டிடிபி கோரிக்கையாகவே அனுப்பிக்கொள்ளலாம். இரு பக்கமும் அடிக்கடி பேச வேண்டிய இடத்தில்தான் வெப்சாக்கெட் தன் முழுப் பயனைத் தருகிறது.

உலாவிப் பக்கம் திறந்திருக்கும்வரைதான் இந்த இணைப்பு இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கைப்பேசித் திரை அணைந்தால் இயக்கமுறைமை இணைப்பைத் துண்டிக்கக்கூடும். ஆகவே குறுஞ்செய்தி, தள்ளு அறிவிப்பு, வானொலி, ஊர் ஒலிபெருக்கி ஆகியவற்றோடு சேர்ந்து இயங்கும் ஒரு வழியாகவே இதைக் கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

மேலே கண்ட ஆறு படிகளையும் பைத்தானில் எழுதி, இரண்டு கைப்பேசிகளை இணையுங்கள். ஒன்றை வெளியேறாமலே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு உடனே ஒரு செய்தியை அனுப்புங்கள். நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் “அனுப்பப்பட்டது” என்று சொல்வதைப் பாருங்கள். பிறகு நாடித்துடிப்பையும் வரிசை எண்ணையும் ஒப்புகையையும் சேர்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இம்முறை அந்தக் கைப்பேசியின் பெயர் ஒப்புகை வராதோர் பட்டியலில் நிற்க வேண்டும். அது மீண்டும் இணைந்ததும் தவறவிட்ட செய்தி அதற்குப் போய்ச் சேர வேண்டும்.